இரண்டு ஆச்சிப்பிள்ளை

கோயில் கொப்பிகளைப் போல ஒரு அலங்கோலத்தைப் பிரஷாந்தி தன் வாழ்நாளில் கண்டதில்லை. மொத்தம் ஐந்து சி.ஆர். கொப்பி, தடித்த மட்டை போட்டவை. ஒன்றில் குடிச் சனத்தின் பெயர், ஒன்றில் வைகாசிச் சடங்குக்கு மடை வைக்கும் ஒழுங்கு, ஒன்றில் கோயில் காணி செய்யும் முறை. மற்ற இரண்டிலும் என்ன இருக்கிறதென்று எழுதியவர்களுக்குத்தான் வெளிச்சம். ஒரே ஆளின் பெயர் ஐந்திலும் ஐந்து விதமாகக் கிடந்தது. இருபது வருடத்துக்கு முன் செத்துப்போன ஒருவர் ஒரு கொப்பியில் செத்திருந்தார், மற்ற நாலிலும் சுகமாக இருந்தார். கறையான் வேறு தன் பங்குக்கு அரித்து வைத்திருந்தது.

"இத இப்பிடியே உட்டா உங்களுக்குப் புறகு ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது மாமா. நான் எல்லாத்தையும் கொம்பியூட்டர்ல ஏத்தித் தாறன்" என்று கோயிலுக்குப் பொறுப்பான வண்ணக்கர் நல்லரத்தினத்திடம் அவளாகத்தான் போய்ச் சொன்னாள். யாரும் அவளைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. சும்மா கிடந்ததைத் தானே போய்த் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள் என்பதுதான் பிறகு அவளுக்கு ஆறவேயில்லை.

பழுகாமத்துக்கு அங்கால், ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். கடதாசியில் வாவி என்று எழுதுவார்கள், ஊருக்கு அது ஆறுதான். அங்கே பிள்ளைக்குக் குலம், ஊர்ச் சொல்லில் குடி, தாய்வழியே வரும். தகப்பன் எந்தக் குடியென்று ஒருவரும் கேட்பதில்லை. கோயிலுக்கு ஐந்து ஏக்கர் வயல் எழுதிக் கிடைத்த காலத்தில், அந்தக் குடியில் பிள்ளைகுட்டியோடு பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரின் வயிற்றில் வந்தவர்கள் பன்னிரண்டு வயிற்றுவார். வருடத்துக்கு ஒரு வயிற்றுவார் என்று முறை வைத்து, வட்டை என்கிற வயல்வெளியில் அந்தக் காணியை மாரிமழைப் போகமான முன்மாரிக்கு விதைப்பார்கள். விளைவில் ஒரு பங்கு அம்மனுக்கு, மிச்சம் விதைத்தவர்களுக்கு. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற அந்த விளைச்சலை நம்பிச் சனம் வீட்டுக்கு அத்திவாரம் போடும், கலியாணத்தைத் தள்ளி வைக்கும்.

நாவற்குடாவில் உயர்தரப் பிள்ளைகளுக்குத் தரவுத்தளம் படிப்பிக்கிறவள் பிரஷாந்தி. குடி முறையைப் பார்த்ததும், அது அப்படியே தன் பாடப்புத்தகம் என்று அவளுக்குப் பட்டது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு இலக்கம், அதுதான் அந்த ஆளின் முதன்மைச் சாவி. ஒவ்வொரு ஆளின் நிரையிலும் தாயின் இலக்கம். தாய் அட்டவணையில் இல்லாவிட்டால் பிள்ளையைச் சேர்க்கவே விடாது. இன்னார் இன்ன வயிற்றுவார் என்று தனியாக எங்கும் எழுதத் தேவையில்லை. தாயின் இலக்கத்தைப் பிடித்து ஏறிக்கொண்டே போனால் அந்தப் பன்னிரண்டு பெண்களில் ஒருத்தியிடம் போய் நிற்கும். "ஒரு சேதிய ஒரே ஒரு இடத்திலதான் எழுத வேணும். ரெண்டு இடத்தில எழுதினா ஒருநாளைக்கு ரெண்டும் ரெண்டு கதை சொல்லும்" என்று வகுப்பில் சொல்லுவாள்.

வகுப்பில் இன்னொன்றும் சொல்லுவாள். ஒவ்வொரு வருடமும், குரலை உயர்த்தி, வெண்கட்டியால் பலகையில் தட்டித் தட்டிச் சொல்லுவாள். "ரெண்டு பேர்ட பிறந்த திகதி தெரியா. ரெண்டு கட்டமும் வெறுமையா இரிக்கி. அதுக்காக ரெண்டு பேரும் ஒரே நாளில பொறந்தவங்களா? வெறுமையெண்டா பூச்சியம் இல்ல, தெரியாது எண்டுதான் அர்த்தம். தெரியாததும் தெரியாததும் சமன் இல்ல. சோதினைக்கு வரும், எழுதி வையுங்க." பிள்ளைகள் எழுதி வைத்தார்கள். அவளும் எங்காவது எழுதி வைத்திருக்கலாம்.

மாசி மாதம் முழுக்க இருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை ஏற்றினாள். அதன் பிறகு ஒரே ஆள் இரண்டு தரம் வந்திருக்கிறாரா என்று தேடவிட்டாள். ஒரேயொரு சோடி வந்தது. பதினாலாம் இலக்கம், நாகம்மை மகள் ஆச்சிப்பிள்ளை. முப்பத்தோராம் இலக்கம், நாகம்மை மகள் ஆச்சிப்பிள்ளை. பெயர் ஒன்று, தாய் ஒன்று, பிறந்த வருடம் இரண்டிலும் வெறுமை. கொப்பியைப் புரட்டினாள். எட்டாம் பக்கத்தில் ஒருத்தி, இருபதாம் பக்கத்தில் மற்றவள். இருபதாம் பக்கத்து எழுத்து வேறு கை. முதல் எழுதியதைப் பார்க்காமல் ஆரோ திரும்ப எழுதிவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டாள். இப்படிப்பட்ட வேலை எத்தனையை அந்தக் கொப்பிகளில் கண்டுவிட்டாள்!

இருந்தாலும் நல்லரத்தினத்துக்குப் போன் போட்டாள். அவர் களுவாஞ்சிக்குடிச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றார்.

"மாமா, நாகம்மைக்கு ஆச்சிப்பிள்ள எண்டு ஒரு மகளா, ரெண்டு மகளா?"

"இதென்ன கேள்வி மனே. ஒரு தாய் ரெண்டு புள்ளைக்கு ஒரே பேர வெப்பாளா? ஒரு ஆச்சிப்பிள்ளதான். மத்தவ தங்கம்."

தங்கம் என்ற பெயர் கொப்பியில் எங்கும் இல்லையே என்று அவள் அந்த நேரம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அட்டவணை சுத்தமாகப் போகிறதென்ற சந்தோசத்தில் இருந்தாள். முப்பத்தொன்றைத் தாயாகக் காட்டிய நாலு பிள்ளைகளையும் பதினாலுக்கு மாற்றி, முப்பத்தொன்றை அழித்தாள். கண் மூடித் திறக்கிற நேரம். பேரப்பிள்ளை, பூட்டப்பிள்ளை எல்லாரும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தார்கள். உயிரோடிருந்த ஒருவரும் குறையவில்லை. ஒரு ஆள் காணாமற்போயிருந்தால் ஆராவது சத்தம் போட்டிருப்பார்கள். காணாமற்போனது ஒரு வயிறு.

வைகாசிச் சடங்குக்கு முதல் அச்சடித்துக் கட்டிக் கொடுத்தாள். வயிற்றுவாருக்கு ஒருவராகப் பதினொரு பேர் கடைசித் தாளில் ஒப்பம் வைத்தார்கள். ஆச்சிப்பிள்ளை வயிற்றுவாருக்கு எட்டாம் பக்கத்தவளின் பேரன் வைத்தான். பன்னிரண்டாவது ஒப்பம் எங்கேயென்று அந்தப் பதினொரு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. எண்ணியிருக்க மாட்டார்கள் என்றுதான் பிரஷாந்தி அப்போது நினைத்தாள், அவளும் எண்ணவில்லைதானே.

"இந்தக் கொப்பியள என்ன செய்யிற?" என்று நல்லரத்தினம் கேட்டார்.

"எல்லாம் உள்ளுக்கு ஏத்தியாச்சு மாமா. இனி அது தேவல்ல."

அம்மன் பேர் எழுதியதைக் கடலைக்காரனுக்குக் கொடுக்க முடியுமா? சடங்கின் கடைசியான திருக்குளிர்த்தி முடிந்த காலையில், வாடின பூவோடும் கமுகம் பாளையோடும் சேர்த்து ஐந்து கொப்பியையும் ஆற்றில் விட்டார்கள். பிரஷாந்தி கரையில் நின்று பார்த்தாள். பெரிய வேலையொன்று முடிந்த நிம்மதி அவளுக்கு.

அச்சடித்த கட்டின் கடைசியில் காணி முறை இருந்தது. இந்த முன்மாரிக்குப் பிரஷாந்தியின் தாய்வீடு என்று போட்டிருந்தது. அடுத்த வருடந்தான் நம் முறையென்று அவளுடைய அம்மா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறா. அம்மாவுக்கு வயது போய்விட்டது, எண்ணினதில் பிழை விட்டிருப்பா என்று நினைத்தாள். பெற்ற தாயின் விரல் எண்ணிக்கையை விடத் தான் செய்த அட்டவணையை நம்பினாள். மண்டூரிலிருந்து அவளைக் கட்டி வந்த ஜெயந்தனுக்கு அதைக் கேட்டுக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அன்றைக்கே விதைநெல்லுக்குச் சொல்லி வைத்தான்.

புரட்டாதியில் கோயில் முற்றத்தில் குடிச் சனம் கூடியது. நல்லரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இந்த முறை ஆருடையது என்று வாசித்தார். வாசித்து முடியத் தனுஷா எழும்பினாள்.

பிரஷாந்தியோடு ஒரே வகுப்பில் படித்தவள் தனுஷா. மூன்று வளவு தள்ளித்தான் வீடு. புருசன் ரதீஸ் கட்டாருக்குப் போய் ஐந்து வருடம், கடைசி இரண்டு வருடமாகப் போனும் இல்லை. மூத்த மகளுக்குப் பதினேழு வயது. பெட்டைக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டிய வீடு சுவர் மட்டத்தில் நிற்கிறது, கூரை இல்லை. போன தரம் முறை வந்தபோது வெள்ளம் வந்து கதிரோடு கொண்டுபோனது. அடுத்த முறைக்குப் பார்த்துக்கொண்டிருந்தே அவளுடைய தாய் இரண்டு வருடத்துக்கு முன் கண்ணை மூடினா. இந்த முன்மாரி விளைந்தால்தான் அந்தச் சுவருக்கு மேலே கூரை.

"மாமா, இந்த முறை எங்கட தானே" என்றாள்.

நல்லரத்தினம் தாளைப் புரட்டினார். "ஆச்சிப்பிள்ள வயிற்றுவார் நாலு வருசத்துக்கு முந்திச் செஞ்சாச்சு மனே. இஞ்ச இரிக்கி."

"அது பெரியம்மம்மாட ஆக்கள் செஞ்ச. நாங்க தங்கத்துட ஆக்கள்."

"தங்கம் எண்டு ஒரு பேர் இதில இல்லயே."

தனுஷா சுற்றிவரப் பார்த்தாள். ஆராவது சொல்லட்டும் என்று பார்த்தாள். அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் தங்கத்தின் கையால் சோறு தின்றவர்கள். முன்வரிசையில் இருந்த ஒரு மனிசி மடிக்குள் விரலை மடித்து மடித்து எண்ணுவதைப் பிரஷாந்தி கண்டாள். பின்னால் இன்னொருவர். பன்னிரண்டு பதினொன்றானால் எல்லாருடைய முறையும் முந்தி வரும். அதைத்தான் எண்ணினார்கள்.

அடுத்த நாள் விடியத் தனுஷா ஒரு பொலித்தீன் பையோடு வந்தாள். பைக்குள் அவளுடைய தாயின் பிறப்புப் பத்திரம். "பாரு கா" என்று நீட்டினாள். தாயின் பெயர் என்ற இடத்தில் ஆச்சிப்பிள்ளை என்று எழுதியிருந்தது.

"தங்கம் வீட்டுப் பேர். பதிவுப் பேர் ஆச்சிப்பிள்ள" என்றாள் தனுஷா. "மூத்தவ குழந்தையில காய்ச்சல் வந்து சாகக் கிடந்தவவாம். பரியாரி கையக் கழுவிட்டார். அந்தக் கிழமதான் எங்கட அம்மம்மா பொறந்த. பேர் அழியப்படாதெண்டு அந்தப் பேரையே இவவுக்கு வெச்சிட்டாங்க. மறுகா பாத்தா மூத்தவ பிழைச்சி எழும்பிட்டா. ரெண்டு பேரையும் ஒரே பேரால எப்பிடிக் கூப்பிடுற? அதுதான் இவவத் தங்கம் எண்டு கூப்பிட்ட."

பிரஷாந்தி எழும்பிப் போய் மடிக்கணினியைத் திறந்தாள். அழிக்க முதல் எடுத்து வைத்த பிரதி இருந்தது. பதினாலு, முப்பத்தொன்று. இரண்டு பெண்கள், இரண்டு வெறுமை. பெயரும் தாயும் ஒன்றென்று கண்டதும், தெரியாத இரண்டையும் சமனென்று அவளே போட்டிருந்தாள்.

"பிழை என்னோடதான் தனு. இப்பவே திருத்துறன்."

திருத்தினாள். அரை நிமிடம். முப்பத்தொன்று திரும்பி வந்தது, நாலு பிள்ளைகளும் தாயிடம் போனார்கள், இந்த முன்மாரி தனுஷாவுடையது என்று திரை சொன்னது. புதுத் தாளை அச்சடித்துக்கொண்டு இரண்டு பேருமாக நல்லரத்தினத்தின் வீட்டுக்குப் போனார்கள்.

அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து இருந்தார்.

"கொப்பி இரிக்கா?"

"ஆத்தில உட்டமே மாமா."

"அப்ப எத வெச்சி நான் நம்புற? இது நீ தட்டி எழுதினது."

"கோயில்ல வாசிச்சதும் நான் தட்டி எழுதினதுதானே."

"அதில பதினொரு பேர் ஒப்பம் வெச்சிரிக்காங்க மனே." அவர் குரல் தணிந்தது. "பிறப்புப் பத்திரத்திலயும் ஆச்சிப்பிள்ள எண்டுதான் கிடக்கு. ஒரு ஆச்சிப்பிள்ளதான் எண்டு நானும் சொல்லுறன், தாளும் சொல்லுது, பத்திரமும் சொல்லுது. இந்தத் தாளின்ட கணக்குக்கு ஒரு வயிற்றுவார் ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு முறை திண்டிரிக்கி. சனம் அதக் கதைக்கிது. நான் மூடி வெச்சிரிக்கன், நீங்க கிளறாதீங்க."

"தங்கத்த உங்களுக்குத் தெரியாதா மாமா?" என்று கேட்டாள் தனுஷா.

"தெரியும். நல்ல மனிசி." அவர் நிலத்தைப் பார்த்தார். "அந்த வீட்டில வளந்தவ எண்டு தெரியும். அங்கதான் பொறந்தவளா, எடுத்து வளத்தவளா, அது எனக்கு எப்பிடித் தெரியும்? தெரிஞ்சவங்க எல்லாரும் செத்திட்டாங்க."

தனுஷா பத்திரத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழும்பி நடந்தாள். பிரஷாந்திக்கு அந்தக் கிழவனின் கன்னத்தைப் பொத்தி அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்து என்ன? அவருக்குக் கொப்பியை இல்லாமல் செய்து கொடுத்தது ஆர்? அந்த அலங்கோலமான கொப்பிகளில் அந்த மனிசி ஐந்து இடத்தில் இருந்தாள். ஒரு இடத்தில் கறையான் அரித்தாலும் மற்ற நாலு இடத்தில் இருந்திருப்பாள். ஒரே இடத்தில் இருந்தால் போதுமென்று சொன்னவள் பிரஷாந்தி.

முறையைத் தனுஷாவுக்கே விட்டுக்கொடுப்போம் என்று கேட்டு அன்றைக்கு ஜெயந்தனோடு சண்டை. டிரக்டர்காரனுக்குச் சொல்லியாயிற்று, விதைநெல்லும் ஊறப்போடுகிற பதத்தில் இருக்கிறது என்று குதித்தான். பிறகு, "சரி, குடு. நமக்கு அடுத்த வருசம் வரும்தானே" என்றான். நல்ல மனிசன்தான். பிரஷாந்தி ஓட்டமும் நடையுமாகத் தனுஷா வீட்டுக்குப் போனாள்.

தனுஷா கூரையில்லாத அறைக்குள் விறகு அடுக்கிக்கொண்டு நின்றாள்.

"எங்கட முறைய நீ செய் தனு. அவரும் ஓம் எண்டிட்டார்."

தனுஷா விறகைக் கீழே போடவில்லை. "உன்ட கையால வாங்கினா அது உன்ட முறை. நான் உன்ட காணியச் செஞ்ச ஆள். அப்ப எங்கட அம்மம்மா ஆரு? எடுத்து வளத்தவ எண்டு நானே ஒப்பம் வெச்ச மாதிரி வரும்."

"உன்ட மகளிட வீட்ட நினை."

"நினைக்காமயா இரிக்கன்?" அவள் திரும்பிப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது, அழவில்லை. "நீ உன்ட வீட்டுக்கு எடுக்கிறதுக்காகச் செஞ்ச எண்டு ஊர் கதைக்கிது. நான் அப்பிடி நினைக்கல்ல. உனக்கு அந்தக் கெட்ட புத்தி இல்ல. ஆனா ஒரு கேள்வி கேக்கச் சந்தையில நிண்ட மனிசனுக்குப் போன் எடுத்திரிக்காய். நான் மூணு வளவு தள்ளி இரிக்கன். எனக்கிட்டக் கேட்டிருந்தா என்ன கா?"

பிரஷாந்தி வந்த வழியே திரும்பி நடந்தாள்.

காணியை ஜெயந்தன் விதைத்தான். விதைக்காமல் வைத்திருந்து என்ன, வட்டையில் ஒரு துண்டு மட்டும் தரிசாகக் கிடக்க விடுவார்களா? அந்த முறை மழை அளவாகப் பெய்தது, பயிர் கண்பட எழும்பியது. அதுவும் பிரஷாந்திக்குப் பொறுக்கவில்லை. பூச்சியாவது அடிக்காதா என்று ஒருநாள் நினைத்தாள், பிறகு நினைத்ததற்காக அழுதாள்.

கார்த்திகை கடைசியில் களை பிடுங்க ஆள் பிடித்தான் ஜெயந்தன். பிரஷாந்தி வயல் வரம்பில் அப்பியாசக் கொப்பியோடு நின்றாள், மத்தியானச் சோற்றுப் பார்சலுக்குப் பெயர் எழுத. பெண்கள் ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். பதினாலாவதாக வந்தவள் தனுஷா. பிரஷாந்தியின் பேனை நின்றுவிட்டது.

"நீ எதுக்குத் தனு இதுக்கு வந்த?"

"கூலி எண்டா அது எனக்குரியது. எழுது."

தனுஷா என்று எழுதினாள்.

"கீழ தாயையும் எழுது. புறகு தாய்ட தாய். நாகம்மைட ரெண்டாவது மகள், ஆச்சிப்பிள்ள."

பிரஷாந்தி எழுதினாள். தனுஷா குனிந்து, எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். பிறகு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினாள்.

பத்து மணிக்கு ஜெயந்தன் அந்தத் தாளைக் கிழித்து ஓட்டோக்காரரிடம் கொடுத்தான், சோறு எடுத்து வர. அவர் எண்ணிப் பார்த்தார்.

"பதினாலு பேர் எண்டீங்க. இதில பதினாறு கிடக்கு."

ஜெயந்தன் எட்டிப் பார்த்தான். "கடைசி ரெண்டையும் வெட்டுங்க. அது ஆக்கள் இல்ல."

"வெட்ட வேணாம்" என்றாள் பிரஷாந்தி. "பதினாறும் எடுங்க."

மத்தியானம் பதினாலு பேரும் வரம்பில் வரிசையாக இருந்து சாப்பிட்டார்கள். இரண்டு பார்சல் பிரிக்காமல் மருதமரத்தடியில் இருந்தது. ஒருவரும் அதை எடுக்கவில்லை, ஆருக்கென்றும் கேட்கவில்லை. தனுஷா வாய்க்காலில் கையைக் கழுவிவிட்டு அந்த இரண்டையும் ஒருதரம் பார்த்தாள். பிறகு மற்றவர்களுக்கு முதல் வயலுக்குள் இறங்கிக் குனிந்தாள்.